ஏகமனதாக முடக்கினோம்

மட்டாஞ்சேரி,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி ஸாதனாவுக்கு அம்மா அனேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் க்ஷேமம், என் வலது முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. உன் க்ஷேமத்துக்கு அடிக்கடி எழுது என்று கேட்பது வழக்கம், ஆனால் நீ பிரஸ்ஸல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுவதெல்லாம் நாடுகளின் க்ஷேமத்தைப் பற்றித்தான், அதையும் உன் அப்பா பிரிண்ட் எடுத்து எனக்கு வாசித்துக் காட்டிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது அவர் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவதால், மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்ததும் ஸங்கத்துக் காரியதரிசி விஷ்ணுப்ரியா போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். நீ பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், தமிழ் நான் அடுக்களையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது, ஆகவே எழுத்துக்கூட்டியாவது முழுவதும் படி. பாதியில் விட்டுவிட்டால் உன் அப்பாவை வில்லன் என்று நினைத்துக்கொள்வாய்.

விஷயம் என் முழங்கால்தான். எலும்பும் எலும்பும் உரசுகிறது, மூட்டை மாற்றிவிடுங்கள், தள்ளிப்போட்டால் இடது காலும் கெட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் கொஞ்சம் வலி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். மாடி ஏறுவதை நான் விட்டுவிட்டேன், கீழே சாப்பாட்டு அறையில் கட்டிலைப் போட்டுப் படுக்கிறேன். ஆபரேஷனுக்கு உன் அப்பா சொன்ன பதில், பென்ஷனில் க்ஷாமபத்தை பாக்கி வரட்டும், பார்க்கலாம் என்பது. தமிழில் இதற்குப் பஞ்சப்படி என்று பெயர். பஞ்சப்படிக்கே பஞ்சம் வந்த காலம் இது. அரசாங்கம் அவ்வப்போது ஒரு தவணையை அறிவிக்கும், பழைய பாக்கியைப் பற்றி மூச்சு விடாது. மத்தியில் கடன் வாங்க விடுவதில்லை என்று மாநிலம் சொல்கிறது, வாங்கியதெல்லாம் போதும் என்று மத்தி சொல்கிறது, இரண்டு பேரும் டெல்லியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நான் மட்டாஞ்சேரியில் நொண்டிக்கொண்டிருக்கிறேன். ஆயுசு முழுக்க ட்ரெஷரி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஃபண்ட் வரல்லை, நாளைக்கு வாங்கோ என்று ஊராருக்குச் சொன்ன மனிதர், ரிட்டயர் ஆனபின் அதே வாக்கியத்தை என்னிடம் சொல்லி ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார். பாங்கில் ஃபிக்ஸட் டெபாஸிட் இருக்கிறதே என்றால் அது ரிஸர்வாம், ஆபத்துக் காலத்துக்காம். ஆபத்துக் காலம் பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டேன். வரச்சே தெரியும் என்றார். நீ பணம் அனுப்புகிறேன் என்று ஒரு தடவை சொன்னாயே, அதையும் அவர்தான் வேண்டாம் என்றார். அது வெளிநாட்டுக் கடனாம், வாங்கினால் நிபந்தனை வருமாம், உன் ஆபீஸ் மற்ற நாடுகளுக்குப் போடுகிற மாதிரி வீட்டை விற்று ஃப்ளாட்டுக்குப் போ, லிஃப்ட் வை என்று நீ ஆரம்பித்துவிடுவாயாம்.

இதற்கிடையில் வீட்டில் செலவு சுருக்கல் அமலுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் காலை இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, நம்மாத்துலயும் கொஞ்சம் முண்டு மொறுக்கி உடுத்தணும் கேட்டயோ என்று அறிவித்தார். வேஷ்டியை இறுக்கிக் கட்டுவது என்பது இந்த ஊரில் சிக்கனத்துக்குச் சொல்கிற பேச்சு. வேஷ்டி அவருடையது, இறுகியது என் அடுக்களை. ஓலனில் தேங்காய்ப்பால் நின்றது. அவியலில் தேங்காய் உண்டு என்பது இப்போது கேள்வி ஞானம்தான். ஃபேன் ஒன்றாம் நம்பருக்கு மேல் சுற்றக்கூடாது. இரண்டு பேப்பரில் மலையாளம் நின்றுபோய்க் கோயம்புத்தூரிலிருந்து வரும் தமிழ்ப் பேப்பர் மட்டும் மிஞ்சியது, அதிலும் அரசாங்கத்திடம் பணமில்லை என்ற செய்திதான் வருகிறது, அதைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறோம். பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த பெண்ணை இனி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அவள் வராத நாளில் நான் நின்று தேய்க்கிறேன், என் முழங்காலும் சேர்ந்து தேய்கிறது. நாட்டுக்கு யோசனை சொல்கிறவர்கள் இதைத்தான் சேமிப்பு என்று எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன், யாரோ ஒருத்தர் செலவில் இருந்து கழித்து இன்னொருத்தர் காலில் எழுதிவிடுவது.

உன் அப்பா ஒருவர் மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். நம் தெருப் பென்ஷன்காரர்கள் அத்தனை பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் முறுக்கி உடுத்த ஆரம்பித்தார்கள். முக்குக் கடையில் காலைச் சாயா நின்றது. ஆள் வராததால் கடைக்காரச் சேட்டன் சாமி படத்துக்கு வாங்கும் மாலையை நிறுத்தினார். வீடுகளிலும் பூ வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று ஆயிற்று. பூக்காரி மூக்கம்மாளுக்கு வியாபாரம் படுத்தது. அவள் நம் ஸங்கத்துக்குத் தவறாமல் கொடுத்துவந்த சந்தாவை நிறுத்தினாள், அவளைப் போல் இன்னும் சிலரும். ஸங்கம் என்றால் மறந்திருப்பாய், மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களின் ஸஹாய ஸங்கம், நீ நாட்டியம் ஆடியபோது மேடைப் பலகை உடைந்ததே, அந்த ஹாலின் சொந்தக்காரர்கள். பாங்கு மானேஜர் முதல் கார்ப்பரேஷனில் வேலை செய்கிறவர்கள் வரை தமிழ் பேசுகிற குடும்பங்கள் எல்லாம் அதில் உண்டு, உன் அப்பா அதற்குக் கஜாஞ்சி. சந்தா குறைந்ததைக் கண்டதும் அவர், பாத்தயோ, வரவு கொறஞ்சாச்சு, இனியும் சுருக்கணும் என்றார். நீங்கள் குடிக்காத சாயாதான் தெருவைச் சுற்றிக்கொண்டு உங்கள் கணக்கிலேயே வந்து விழுந்திருக்கிறது என்று நான் சொன்னேன். ட்ரெஷரியில் வேலை பார்க்காதவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டு ஸங்கத்து ஹாலில் ஒரு டியூப்லைட்டைக் கழற்றச் சொல்லி உத்தரவு போட்டார்.

ஸங்கத்தில் ஸஹாய நிதி என்று ஒன்று உண்டு. அங்கத்தினர்களின் வைத்தியத்துக்கும், சின்னதாகத் தொழில் செய்கிறவர்களின் கஷ்டத்துக்கும் கொடுப்பதற்காக அந்தக் காலத்திலிருந்து எல்லோரும் போட்டுவந்த பணம். நானும் என் பெயரில் தனியாகச் சந்தா கட்டியிருக்கிறேன். வீட்டு ட்ரெஷரி மூடிக் கிடக்கிறதே என்று நான் போன ஆடியில் அந்த நிதிக்கு மனு எழுதிக் கொடுத்தேன். உன்னிடம் கேட்டிருக்கலாம்தான். ஆனால் கல்யாணமாகி வந்த நாளாகச் சந்தா கட்டிவிட்டு, கை நீட்டுவதற்குக் கடல் கடந்து போக வேண்டுமா என்று ஒரு ரோஷம். மூக்கம்மாளும் பூ வாடாமல் இருக்க ஒரு குளிர்பெட்டி வேண்டும் என்று கேட்டிருந்தாள். அந்த மனுக்களையெல்லாம் என்ன செய்வது என்பதில்தான் ஸங்கம் இரண்டாகப் பிரிந்தது. நெருக்கடி காலம், பணத்தைத் தொடக்கூடாது என்பது உன் அப்பா கட்சி. நெருக்கடி காலத்தில் தொடாத பணத்தை வேறு எப்போது தொடுவது என்பது வாஞ்சிநாதன் மாமா கட்சி. ஏலூரில் உரக் கம்பெனியில் யூனியன் நடத்தினவர் இல்லையா, அவருக்கு மைக் இல்லாமலே ஹால் நிறையும்.

கூட்டத்துக்கு உன் அப்பா உன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனார். நீ பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து ஏதோ ஒரு நாட்டுக்கு எங்கெங்கே வெட்டலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாயே, அதேதான். சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். என் பொண்ணு எழுதியிருக்கா, வலி கொஞ்ச நாளைக்கு, குணம் எப்போதைக்கும் என்று எழுந்து நின்று வாசித்தார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் கூட்டத்தில் நான் ஒருத்திதான் முன்னால் இன்னொரு நாற்காலி போட்டு அதன் மேல் காலை நீட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள், வலி யாருக்கு, குணம் யாருக்கு என்பதையும் எழுதியிருப்பாய், பேப்பர் செலவைச் சுருக்கப் போய் அந்தப் பக்கம் மட்டும் பிரிண்ட் ஆகாமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாஞ்சிநாதன் மாமா சும்மா இருப்பாரா. லாக்டவுனில் அரசாங்கம் கடன் வாங்கியாவது வீட்டுக்கு வீடு மளிகைக் கிட் கொடுத்ததால்தான் அடுப்பு எரிந்தது, அப்போ இந்தக் கஜாஞ்சி லக்ஷ்மிநாராயணன் மாஸ்க் போட்டுண்டு ரேஷன் கடை வாசல்ல எனக்கு முன்னாடி நின்னான், அந்தச் சேமியாவில பாயஸம் குடிச்சானா இல்லையா, கேளுங்கோ என்றார். குடித்தார். ஏலக்காய் போதவில்லை என்றும் சொன்னார்.

இதைப் படித்து நான் வாஞ்சிநாதன் மாமா கட்சி என்று முடிவு கட்டிவிடாதே. அவர் தலைவராக இருந்தபோது ஹாலுக்கு ஊக்கம் கொடுக்கிறேன், கல்யாணங்கள் தேடி வரும் என்று சொல்லி ஒரு ராட்சச ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார். கல்யாணங்கள் எல்லாம் ரிஸார்ட்டுக்குப் போய்விட்டன. ஜெனரேட்டர் ஒரே ஒரு நாள், அதுவும் வாங்கிய அன்று, ஓடியது. இப்போது அதற்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. கொடுத்த ஊக்கம் பூனைக்குப் போய்ச் சேர்ந்தது, மற்றபடி பொருளாதாரம் பழைய இடத்திலேயே நிற்கிறது. அரசாங்கங்களும் இப்படித்தான் போலிருக்கிறது, ஒரு கட்சி வந்தால் பூட்டுகிறது, இன்னொரு கட்சி வந்தால் ஜெனரேட்டர் வாங்குகிறது. எனக்குக் கட்சி கிடையாது. என் கட்சி என் முழங்கால்.

கூட்டம் எங்கே போய் நின்றது என்று கேள். இரண்டு பேரும் தொண்டை கட்டும் வரை கத்தினார்கள். ஸஹாய நிதிப் பணத்தை மொடக்கணும், அதுக்கு இப்போதான் ஸமயம் என்றார் உன் அப்பா. நான் அப்போலேர்ந்து அதைத்தானே சொல்றேன், மொடக்கணும், காசு மொடக்காம எவனாவது கச்சோடம், வியாபாரம் பண்ணியிருக்கானோ என்றார் வாஞ்சிநாதன் மாமா. காரியதரிசி விஷ்ணுப்ரியா, வில்லிங்டன் ஐலண்டில் சரக்கு கிளியரிங் ஆபீஸில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்த பெண், இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரெண்டு பேரும் ஒண்ணுதானே சொல்றேள், பின்னே எந்தினு வழக்கு, எதுக்குச் சண்டை என்றாள். அவர்களுக்கே ஆச்சரியம். அவள் உடனே, தற்போதைய பொருளாதார நெருக்கடியை உத்தேசித்து ஸஹாய நிதிப் பணத்தை உடனடியாக முடக்க இந்தக் கூட்டம் தீர்மானிக்கிறது என்று மினிட்ஸில் எழுதி வாசித்தாள். உன் அப்பா கை தூக்கினார், வாஞ்சிநாதன் மாமாவும் தூக்கினார், பின்னால் இருந்த எல்லோரும் தூக்கினார்கள். ஸங்க சரித்திரத்தில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது அன்றைக்குத்தான். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள், பருப்புவடை வந்தது.

உனக்கு இதற்குள் புரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். இங்கே மலையாளத்தில் பணம் முடக்குவது என்றால் பணத்தைப் போடுவது, முதல் போட்டுக் காரியத்தை நடத்துவது. தமிழ்ப் பேப்பரில் பணத்தை முடக்குவது என்றால் அசையாமல் கட்டிப்போடுவது, இன்னாருடைய கணக்கு முடக்கம் என்று தினமும் வருகிறதே, அது. மலையாளத்திலேயே கூட இது இரண்டு பக்கமும் வெட்டும். கல்யாணத்துக்குப் பணம் முடக்கினால் கல்யாணம் நடக்கும், கல்யாணத்தை முடக்கினால் நின்றுபோகும். உன் அப்பாவுக்குக் காதில் விழுந்தது ட்ரெஷரி பாஷை, பில் முடங்கியது, பென்ஷன் முடங்கியது. வாஞ்சிநாதன் மாமாவுக்கு விழுந்தது கம்பெனி பாஷை, முதல்முடக்கு. ஊரெல்லாம் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் பூட்டுவதா போடுவதா என்று புத்தகம் புத்தகமாக எழுதிச் சண்டை போடுகிறீர்கள். நாங்கள் ஒரே வார்த்தையில் இரண்டையும் செய்துவிட்டோம். விஷ்ணுப்ரியா, மாமி, தமிழ்ல தெற்று உண்டோ பாருங்கோ என்று மினிட்ஸை வழக்கம்போல என்னிடம்தான் நீட்டினாள், நான் தென்காசியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால் ஸங்கத்தின் சம்பளமில்லாத பிழை திருத்துபவள். எனக்கு விஷயம் முன்பே விளங்கிவிட்டது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இல்லைதானே. டாக்டர் என் காலைப் பார்த்து இது முடக்குவாதம் இல்லை, வெறும் தேய்மானம் என்று சொல்லியிருந்தார். முடக்கு வாதம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது, அதற்கு நானாகப் போய் வைத்தியம் பார்ப்பானேன்.

அடுத்த வாரமே விஷ்ணுப்ரியா தீர்மானப்படி முடக்க ஆரம்பித்தாள். முதல் மனு என்னுடையது. டாக்டர் சீட்டையெல்லாம் கமிட்டியில் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டு, செக்கை எழுதி உன் அப்பாவிடம் கையெழுத்துக்குக் கொண்டுவந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, முடக்கச் சொல்லித் தீர்மானம் போட்ட பணத்தை எந்தினு எடுக்கறே என்று கேட்டார். முடக்கத்தானே மாமா எடுத்தேன் என்றாள் அவள். அந்தப் பெண்ணுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. பத்து நிமிஷம் இரண்டு பேரும் அதே வார்த்தையை வைத்துக்கொண்டு வாதாடினார்கள், நான் உள்ளே கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், சிரிப்பை அடக்கியதில் கத்தரிக்காய் கோணல்மாணலாக வந்தது. கடைசியில் வாஞ்சிநாதன் மாமாவுக்குச் செய்தி போய், அவசரக் கூட்டம் என்று ஆயிற்று.

அவசரக் கூட்டத்துக்கு உன் அப்பா தமிழ் அகராதி கொண்டுவந்தார். வாஞ்சிநாதன் மாமா மலையாள அகராதி கொண்டுவந்தார், அது இன்னும் தடி. இரண்டிலும் அவரவர் அர்த்தம் இருந்தது. ஸங்க விதிப்படி மினிட்ஸ் தமிழில்தான் இருக்க வேண்டும், ஆகவே தமிழ் அர்த்தமே செல்லும் என்று உன் அப்பா மேஜையைத் தட்டினார். உள்ளபடிக்கு அது சரியான வாதம்தான், அவர் ஜெயித்திருப்பார். அப்போது வாஞ்சிநாதன் மாமா, எந்தத் தமிழ், மதுரைத் தமிழா, நம்ம மட்டாஞ்சேரித் தமிழா, அனந்தலக்ஷ்மி சொல்லட்டும் என்று என்னைக் கைகாட்டிவிட்டார். எழுந்திருக்க நேரமாகும் என்பதால் உட்கார்ந்தபடியே சொன்னேன். இரண்டாயிரத்து இரண்டில் அரசாங்கம் செலவைச் சுருக்குகிறேன் என்று ஊழியர்களின் சலுகைகளில் கை வைத்தபோது மாநிலம் முழுக்க ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது, இவரும் கொடி பிடித்துக் கோஷம் போட்டார், வீட்டில் சம்பளம் இல்லை. அப்போது ஸாதனாவை எர்ணாகுளத்தில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஸ்கூட்டரை விற்றார். நெருக்கடி நேரத்தில் இது தேவையா என்று நான்தான் தடுத்தேன். இப்போ மொடக்கினாத்தான் பின்னால கெடைக்கும் என்றார். அதன் பிறகு இன்று வரைக்கும் கல்யாணத்திலும் சாவிலும் பார்க்கிற பேரிடமெல்லாம், என் பொண்ணு படிப்புக்கு நான் மொடக்கின காசு என்று பெருமை அடித்துக்கொள்கிறார். அந்தக் காசைப் பூட்டி வைத்தாரா, போட்டாரா என்று அவரையே கேளுங்கள், இவர் வாயில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமோ அதுதான் மட்டாஞ்சேரித் தமிழ். இவ்வளவுதான் சொன்னேன்.

உன் அப்பா அகராதியை மூடினார். ஒப்புப் போடறேன், கொண்டா என்று செக்கை வாங்கிக் கையெழுத்துப் போட்டார், மூக்கம்மாளின் குளிர்பெட்டிக்கும் போட்டார். அதற்குள் வாஞ்சிநாதன் மாமா இதே தீர்மானத்தின் கீழ் ஜெனரேட்டரையும் ரிப்பேர் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தார். அந்த விஷயத்தில் மட்டும் தமிழ் அர்த்தம்தான் செல்லும் என்று கூட்டம் சொல்லிவிட்டது, அதுவும் ஏகமனதாக.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஜெயித்த மிதப்பில் இருந்தேன், எப்போது கோபித்துக்கொள்வார், என்ன பதில் சொல்லலாம் என்று தயாராக வந்தேன். அவர் கோபிக்கவில்லை. சாப்பாட்டு அறையில் என் கட்டில் ஓரமாக உட்கார்ந்து டாக்டர் ஃபைலைக் கேட்டு வாங்கி முழுவதும் படித்தார். பிறகு, மகா அக்காவும் நடந்துதான் உள்ளே போனா என்றார். உனக்கு மகா அத்தையை லேசாகத்தான் ஞாபகம் இருக்கும், அப்பாவின் அக்கா. பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். ஆஸ்பத்திரியின் பேரில் ஒரு குற்றமும் இல்லை, நெஞ்சு தாங்கவில்லை, அவள் எழுந்திருக்கவில்லை. அன்னிக்கு அந்த ஸம்மதப் பேப்பர்ல ஒப்புப் போட்டது நான்தான், வேண்டாம்னு சொல்லிண்டே இருந்தா, நான்தான் ஒண்ணுமில்லை, பயப்படாதேன்னு சொல்லி ஒப்புப் போட்டேன் என்றார். சொல்லிவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸாதனா, எனக்கு அப்போதுதான் உறைத்தது. பஞ்சப்படியும் இல்லை, ரிஸர்வும் இல்லை. இந்த மனிதர் ஒரு வருஷமாகத் தேங்காயையும் சாயாவையும் குறைத்துக் குறைத்துக் கணக்குக் காட்டியதெல்லாம் இன்னொரு பேப்பரில் கையெழுத்துப் போடாமல் இருப்பதற்காக. நான் அவரைக் கஞ்சன் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்குத் தெரியாமல் இருக்க வலிக்கிறது என்று சொன்னேன், வலித்ததும் உண்மைதான். நாடுகளை நடத்துகிறவர்களும் கணக்கு என்று சொல்லிக்கொண்டு உள்ளே பயத்தைத்தான் வைத்திருப்பார்களோ என்னவோ. அதெல்லாம் உன் ஆபீஸ் விஷயம், எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் அவராகவே ஆஸ்பத்திரிக்கு போன் செய்து நாள் கேட்டார். கார்த்திகை மாதம் இரண்டாம் புதன்கிழமை கொடுத்திருக்கிறார்கள். டெபாஸிட்டையும் உடைக்கிறாராம், ஸங்கம் கொடுப்பது பாதிக்குத்தான் காணும். நான் கேட்காமலே ஃபேனை மூன்றாம் நம்பரில் வைத்துவிட்டுப் போகிறார். ஊர் செழித்துவிட்டது என்று நினைத்துவிடாதே, பாத்திரம் தேய்க்கும் பெண் இன்னும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறாள், அதைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ வர வேண்டும். பணம் அனுப்பாதே, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மெயில் எழுதாதே, அங்கிருந்து ஆளைப் பிடிக்காதே. மூன்று வருஷமாக லீவே எடுக்காமல் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று போன மாதம் பெருமையாகச் சொன்னாயே, உன் அப்பாவின் பெண் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்காக வரச் சொல்லவில்லை. என்னை மயக்கத்தில் போட்டுவிடுவார்கள், எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. உள்ளே போவதற்கு முன்னால் அந்த ஸம்மதப் பேப்பரை அவர் கையில்தான் கொடுப்பார்கள். போட்டுவிடுவார், போடாமல் இருக்க மாட்டார். போட்டபிறகு என்னை வெளியே கொண்டுவரும் வரைக்கும் அந்த வராந்தா பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். வாஞ்சிநாதன் மாமா கூட வருகிறேன் என்கிறார், வந்தால் பேசியே கொன்றுவிடுவார். அந்த நேரத்துக்கு அவர் பக்கத்தில் நீ உட்கார்ந்திரு, எனக்கு அது போதும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ராத்திரி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, அரிசி வாங்கி வைத்துச் சாதம் வடித்துச் சாப்பிடு. உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும், தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இரு. இந்தக் கடிதம் வந்ததை போனில் சொல்லாதே, ஸ்பீக்கர் போட்டிருப்பார். டிக்கெட் எடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அங்கே மழை எப்படி என்று என்னிடம் கேள், நான் புரிந்துகொள்கிறேன். புதன்கிழமை காலை ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பேப்பரை நீட்டும்போது உன் அப்பா மேலே ஃபேனைத் தேடுவார், கையைப் பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
அனந்தலக்ஷ்மி